மதிய மணியும் பத்து நிமிடமும்

கல்பாக்கத்து அணுமின் நகரியத்தின் எல்லையிலிருந்து சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிற நாம், மதிலருகே நின்று கடலைப் பார்க்கிறோம். கல்லறைகளின்மேல் டச்சுக்காரர் செதுக்கி வைத்திருக்கும் வேலைப்பாட்டை வியக்கிறோம். பொழுது சாய்ந்ததும் திரும்பிவிடுகிறோம். அந்தக் கோட்டை எதன்பொருட்டு எழுந்தது என்று கேட்பதில்லை. பொன்னுக்காகவும் அன்று, முத்துக்காகவும் அன்று, துணிக்காக. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை இந்த மணற்கரையில் தங்க வைத்தவற்றுள் முதன்மையானது, சுற்றுவட்டாரத்துத் தறிகளில் நெய்யப்பட்ட மெல்லிய மஸ்லின்.

அக்காலத்து நெசவாளரை நாம் வாயற்ற ஏழைகளாகவே கற்பனை செய்து பழகிவிட்டோம். வரலாற்று ஆய்வாளர் பிரசன்னன் பார்த்தசாரதி காட்டும் சித்திரம் வேறு. வணிகரிடம் முன்பணம் பெற்ற நெசவாளர், விரும்பினால் அப்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். வணிகருக்கு அந்த உரிமை இல்லை. மனம் ஒப்பாத நிலை வந்தால் தறியை நிறுத்திவிட்டு ஊரோடு பெயர்ந்து போகவும் அவர்கள் துணிந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கம்பெனியின் ஆட்சி வலுத்த பின்னரே இந்தப் பிடி நழுவிற்று. இவையெல்லாம் சங்கம் என்ற சொல் தொழிலாளர் காதில் விழாத காலத்துச் செய்திகள். ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்வோம். எப்பொழுது தறியில் உட்காருவது, எப்பொழுது எழுந்து சாப்பிடுவது என்பதை அந்த வீடே முடிவு செய்தது. தறி வீட்டைவிட்டு ஆலைக்குப் போனபோது முதலில் பறிபோனது அந்த முடிவுதான்.

பிப்ரவரித் திங்களில் பெரம்பூர் லூர்து மாதா திருத்தலத்திற்குச் சென்றுவரும் வாசகர்கள் பலர் உண்டு. அதே பெரம்பூர் வட்டாரத்தில்தான் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் புகைவிட்டுக்கொண்டிருந்தன. பின்னி காக்கித் துணியை அறியாத வீடு தமிழகத்தில் அரிது. முதல் உலகப் போர்க் காலத்தில் அத்துணிக்குப் பட்டாளத்திலே பெருந்தேவை. வெளியே விலைவாசி ஏறிற்று; உள்ளே வேலை இறுகிற்று. நூற்பாலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இடங்கொடுத்தது. இதற்கு நடுவே உணவுக்கு முப்பது நிமிடம்.

முப்பது நிமிடம் போதாதா என்று அலுவலகத்தில் மின்விசிறியின்கீழ் அமர்ந்து உண்பவர் கேட்கலாம். ஆயிரக்கணக்கானோர் ஒரே வாயிலின் வழியாக வெளியேற வேண்டும். கைகாலில் ஒட்டிய பஞ்சையும் எண்ணெயையும் கழுவ வேண்டும். சோற்று மூட்டையைக் கண்டுபிடித்து, நிழல் தேடி உட்கார வேண்டும். மணியடிப்பதற்குள் மீண்டும் உள்ளே போய்விட வேண்டும். பிந்தியவனுக்குத் தண்டனை உண்டு. பிடி சோற்றை விழுங்கியும் விழுங்காமலும் ஓடினார்கள்.

இதை முதலில் காதுகொடுத்துக் கேட்டவர்கள் யார்? வழக்கறிஞரும் அல்லர், அரசியல் தலைவரும் அல்லர். பெரம்பூரில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் அவருடைய நண்பர் இராமாநுஜலு நாயுடுவும் ஒரு பக்திச் சபையை நடத்திவந்தார்கள். ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்பது அதன் பெயர். சமயச் சொற்பொழிவு கேட்க ஆலைத் தொழிலாளர் அங்கே வருவார்கள். சொற்பொழிவுக்கு முன்னும் பின்னும் பேசிக்கொண்டிருப்பார்கள் அல்லவா? அந்தப் பேச்சில்தான் சோற்று நேரத்தின் துயரம் வெளிப்பட்டது. கடைக்காரர் இருவரும் நகரத்துக்குப் போய், அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' அலுவலகத்துப் படியேறினார்கள். அம்மையாரின் தோழர் பி. பி. வாடியா என்ற பார்சிக் கனவான் பெரம்பூருக்கு வந்தார். 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. இந்திய மண்ணில் முறையான உறுப்பினர் கட்டணமும் ஒழுங்கும் கொண்டெழுந்த முதல் தொழிற்சங்கம் அதுவே என்று வரலாற்றாசிரியர் பலரும் ஒப்புகின்றனர்.

வாடியாவுடன் தோள் கொடுத்தவர் திரு. வி. கலியாணசுந்தரனார். அவர் நம் மண்ணின் பிள்ளை. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்ற சிற்றூரில் 1883-இல் பிறந்தவர். வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராயிருந்து, 'தேசபக்தன்' ஆசிரியரானவர். வாடியா ஆங்கிலத்தில் பேசியதைத் தொழிலாளரின் தமிழாக்கி, வாரந்தோறும் பெரம்பூர் மேடையில் நின்றவர். தமிழில் தொழிலாளரைப் பற்றிய நடையொன்று பிறந்ததே அவரால்தான் என்று நாம் கருதுகிறோம். அதற்கு முன் 'கூலி' என்ற சொல் ஊதியத்தை மட்டுமன்றி அதைப் பெறும் மனிதனையும் குறித்தது.

சங்கத்தின் முதல் வெற்றி எது தெரியுமா? உணவு இடைவேளை முப்பது நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடமாயிற்று. பத்து நிமிடம்! சிரிப்பு வரலாம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்து சாப்பிட்டான்.

அடுத்த ஆண்டே, 1919-இல், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு வாஷிங்டனில் கூடிற்று. வாடியாவும் அங்கே சென்றிருந்தார். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்ற உலக நெறியை வகுத்தது அந்த மாநாடு. அதே உடன்படிக்கையில் இந்தியாவுக்குத் தனிவிதி எழுதினார்கள்: வாரத்துக்கு அறுபது மணி நேரம்! வெயில் நாட்டுத் தொழிலாளியின் உடம்பு பன்னிரண்டு மணி நேரம் கூடுதலாகத் தாங்கும் என்று யார் கண்டுபிடித்தார்களோ. 1922-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அறுபதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்தை எட்ட 1946-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பெரம்பூர்ச் சங்கத்தின் கதை வெற்றியோடு முடியவில்லை. 1920 அக்டோபரில் கதவடைப்பு, டிசம்பர் 9-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு, இருவர் மாண்டனர். நிறுவனத்தார் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தொழிலாளரை வேலையைவிட்டு நிற்கத் தூண்டியதால் தங்களுக்கு நட்டம் என்பது வாதம். நீதிமன்றம் சங்கத் தலைவர்களுக்குத் தடையுத்தரவு போட்டது. கூடிப் பேசுவதே குற்றமாகும் நிலை. இறுதியில் வாடியா சங்கத்தைவிட்டு விலகவேண்டுமென்ற உடன்பாட்டோடு வழக்கு ஓய்ந்தது. அந்த அநீதியே என். எம். ஜோஷியைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவரத் தூண்ட, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. ஏறத்தாழ நூறாண்டு நின்ற அச்சட்டம், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பினுள் அடங்கிவிட்டது.

இதைக்காட்டிலும் வலி தருவது 1921. அவ்வாண்டு வேலைநிறுத்தத்தின்போது ஆதி திராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். கையிருப்பு இல்லாத வீடுகள் அவை. ஒரு வாரக் கூலி நின்றால் அடுப்பு எரியாது. சங்கத்தின் தலைமையில் தங்களுக்குரிய இடம் இல்லை என்ற மனக்குறையும் இருந்தது. எம். சி. ராஜா அவர்களுக்காகப் பேசினார். நிறுத்தத்தில் நின்றவர்களுக்கோ அது துரோகமாகப் பட்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் போயின. ஆளுநர் வில்லிங்டன் திரு. வி. க.வை நாடு கடத்துவதாக அச்சுறுத்தினார். அக்டோபரில் தொழிலாளர் தோற்றுத் திரும்பினார்கள். வாடியாவும் திரு. வி. க.வும் பேசிய சகோதரத்துவம் ஆலை வாயிலோடு நின்றுவிட்டது. மாலையில் வீடு திரும்பியவன் ஊருக்கும் சேரிக்குமாகப் பிரிந்தே திரும்பினான். கல்லறைத் தோட்டத்தில்கூட நடுவே சுவர் எழுப்பிய பங்குகளைக் கண்ட நாம், பெரம்பூர்த் தொழிலாளரைக் குறைகூறும் தகுதியுடையவர்களா என்று நம்மையே கேட்டுக்கொள்கிறோம்.

பெரம்பூர்ச் சங்கம் தோன்றுவதற்கு இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1891 மே 15-ஆம் நாள், திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டிருந்தார். (லியோ என்ற பெயரை நம் முன்னோர் எவ்வளவு அழகாகச் சிங்கராயர் ஆக்கினார்கள்!) சங்கமாகக் கூடுவது மனிதனின் இயல்புரிமை, அதை அரசு தடுக்கலாகாது என்று அம்மடல் சொன்னது. ஓய்வுநாளைப் பற்றியும் சொன்னது. உழைப்பவனின் ஓய்வு முதலாளி போடும் பிச்சையன்று. கடவுளுக்குரிய நேரத்தை எந்த ஒப்பந்தத்தாலும் விலைக்கு வாங்க இயலாது. 2025 மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை தாம் 14-ஆம் லியோ என்ற பெயரைத் தேர்ந்ததற்கு இந்தச் சுற்றுமடலையே காரணமாகக் குறிப்பிட்டார். தொழிலாளரான புனித சூசையப்பரின் திருவிழாவை மே முதல் நாளில் 12-ஆம் பயஸ் 1955-இல் ஏற்படுத்தினார். அந்த மே நாளைச் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் 1923-இலேயே கொண்டாடியிருந்தார். நம்மவர் சற்றே பிந்தி வந்தோம், வந்தவரையில் மகிழ்ச்சி.

பின்னி ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. அதற்குள் துணியின் கதை வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. 1984-இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் தோன்றிற்று. நெய்வது ஓரிடம், தைப்பது ஓரிடம், உடுப்பது கடல் கடந்த ஓரிடம் என்றாயிற்று. ஆயத்த ஆடை ஆலைகள் ஜி. எஸ். டி. சாலை நெடுகப் பரவின. விடியுமுன் ஊர் முனையில் ஆலை வேனுக்காகக் காத்து நிற்கும் பெண்களை நம் வட்டாரத்தில் காணாதவர் இல்லை. ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் சீப்பு; தலைவாரிப் பின்னுவதே வேனுக்குள்தான்.

ஆலைக்குள்ளே வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்கள். ஒருத்தி கழுத்துப்பட்டி மட்டும் தைப்பாள், ஒருத்தி கை மட்டும், ஒருத்தி பொத்தான் துளை மட்டும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை 'பீஸ்' என்று கணக்கு எழுதப்படும். எட்டாவிட்டால் சூப்பர்வைசரின் வசவு. கழிவறைக்கு எழுந்தால் கணக்கு குறையுமே என்று தண்ணீர் குடிக்காமலே பொழுதைக் கழிக்கிறார்கள். பின்னர் சிறுநீர் நோயோடு மருத்துவமனை வாயிலில் நிற்கிறார்கள். விடுதலைப் பயண நூலின் ஐந்தாம் அதிகாரம் நமக்கு நினைவுக்கு வருகிறது. ஆண்டவரை வழிபட மூன்று நாள் கேட்ட மக்களைச் சோம்பேறிகள் என்றான் பார்வோன். வைக்கோலை நிறுத்திவிட்டுச் செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் வைத்தான். 'டார்கெட்' என்ற சொல்லை அவன் அறியான். பொருளை நன்றாக அறிந்திருந்தான்.

இப்பெண்களைச் சங்கமாக்குவது பெரம்பூரைவிடக் கடினம். வேன் வாயிலில் ஏற்றி வாயிலில் இறக்குகிறது. நின்று பேச நேரமில்லை. வீட்டுக்குப் போனால் அடுப்பு. அரசு 2014-இல் அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்தை எதிர்த்து ஆலை உரிமையாளர்கள் வழக்காடினார்கள். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது. திண்டுக்கல்லில் பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு நெசவு மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2013 முதல் இயங்குகிறது. அதன் உறுப்பினரில் பெரும்பாலோர் தலித் பெண்கள். 1921-இல் புளியந்தோப்பில் சங்கத்துக்கு வெளியே நின்றவர்களின் பேத்திமார் வயதுடையவர்கள் இங்கே சங்கத்தின் தலைமையிலேயே நிற்கிறார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு நிமிர்கிறது.

அச்சங்கத்தின் உறுப்பினரான ஓர் இளம்பெண் 2021 சனவரியில் கொல்லப்பட்டாள். அவளுடைய ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவரே குற்றஞ்சாட்டப்பட்டார். அந்தச் சாவுக்குப் பின் எழுந்த நெடும் போராட்டத்தின் பயனாக 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தாயிற்று. சங்கமும் ஆலை நிறுவனமும், ஆடையை வாங்கி விற்கும் வெளிநாட்டு நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட்டன. இருபத்தைந்து தொழிலாளருக்கு ஒருவர் என்ற அளவில் தொழிலாளரிலிருந்தே கண்காணிப்பாளரை அமர்த்துவது அதன் உயிர்நாடி. வசவு எல்லை மீறும் முதல் நாளிலேயே சொல்வதற்கு, பக்கத்து இயந்திரத்தில் ஓர் ஆள். பெரம்பூரில் செல்வபதி செட்டியார் கடை செய்த வேலைதான் இது என்று நமக்குத் தோன்றுகிறது.

தைத்த துணி கடைக்கு வந்தால் அங்கும் பெண்களே. பண்டிகைக்குப் புடவை எடுக்கப் போகிற நாம், ஐம்பது புடவைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றை வாங்கி வருகிறோம். பிரித்துக் காட்டிய பெண் காலை முதல் நின்றுகொண்டே இருக்கிறாள் என்பதை 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' படம் பார்த்த பிறகே நம்மில் பலர் கவனித்தோம். கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப்பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டு போராடியதால் 2018-இல் உட்காரும் உரிமை சட்டமாயிற்று. தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வைக்கவேண்டும் என்றது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! அடுத்த முறை கடைக்குப் போகும்போது இருக்கை இருக்கிறதா, அதில் யாரேனும் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

நேரத்தைப் பற்றிய வழக்கு முடிந்துவிடவில்லை. 2023 ஏப்ரல் 21-ஆம் நாள் தமிழகச் சட்டப்பேரவையில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறிற்று. கட்சி வேறுபாடின்றிச் சங்கங்கள் எழுந்து நிற்க, மே முதல் நாள் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பன்னிரண்டு மணி நேரம் நூறாண்டு கழித்து நம் வாசல்வரை வந்து திரும்பியது.

ஆலைக்கும் கடைக்கும் வாயில் உண்டு. அங்கே கூடி நிற்கலாம். வீட்டுவேலை செய்பவருக்கு அதுவும் இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு சமையலறையில் தனித்திருப்பவர். பெல்ஜியத்திலிருந்து வந்த அருட்சகோதரி ஜான் டெவோஸ் 1985-இல் தொடங்கிய தேசிய வீட்டுவேலைத் தொழிலாளர் இயக்கம் இவர்களைத் தேடிப் போயிற்று. கன்னியர் பலர் அந்தப் பணியைத் தமிழகத்தில் இன்றும் தாங்குகின்றனர். 2007-இல் வீட்டுவேலைத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. 2018-இல் அரசு இவர்களுக்கு மணிக் கணக்கில் ஊதியம் குறித்தது. தொடக்க நிலை, மணிக்கு 37 ரூபாய். 2011-இல் ஜெனீவாவில் நிறைவேறிய 189-ஆம் உடன்படிக்கை, வாரத்தில் தொடர்ந்து இருபத்துநான்கு மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்றுறுதி செய்யவில்லை. இந்தியா என்று சொல்லும்போது நம் வீடுகளும் அதில் அடக்கம்.

நம் வீட்டிலும் பாத்திரம் தேய்க்க ஓர் அம்மாள் வருகிறார். பங்குக்கு உட்பட்டவர்தான், கழுத்தில் உத்தரியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் நாம் திருப்பலிக்குப் புறப்படும் வேளையில் வந்துவிடுவார். நாம் பூசை கண்டு திரும்பும்போது முற்றம் கழுவி முடிந்திருக்கும். அவர் எந்தப் பூசைக்குப் போகிறார் என்று பல ஆண்டுகளாக நாம் கேட்டதில்லை. வின்சென்ட் தே பவுல் சபையிலும் அன்பியத்திலும் ஏழைகளைப் பற்றி நாம் படித்த அறிக்கைகளுக்குக் குறைவில்லை; இந்த ஒரு கேள்வி மட்டும் எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை.

பெரம்பூர்த் தொழிலாளரின் உணவு நேரத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறன்று, முதன்முறையாக அவரிடம், "எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டோம். "மூணாவது வீட்டை முடிச்சிட்டு, பதினொண்ணுக்கு சார்" என்றார். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வரவேண்டாம் என்றோம். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நின்றார்.

"சம்பளத்துல பிடிப்பீங்களா சார்?"

பிடிக்க மாட்டோம் என்றோம். அவர் முகம் தெளியவில்லை.

"மத்த ரெண்டு வீட்டுலயும் நீங்களே வந்து சொல்லுவீங்களா சார்?" என்று கேட்டார்.